உடைக்காமல், உலர்த்தாமல்: டி2 தளர்வு நேரத்தால் நுண்துளைகளை அளந்த அனுபவம்

ஈரமான ஒரு பொருளுக்குள் இருக்கும் துளைகள் எவ்வளவு பெரியவை என்று கேட்டால், பழகிய முறைகள் பலவும் "முதலில் உலர்த்திக் கொண்டுவா" என்றுதான் சொல்லும். பாதரசத்தை அழுத்தி ஏற்றும் முறைக்கும் சரி, நைட்ரஜன் வாயுவை ஒட்டவைக்கும் முறைக்கும் சரி, துளைக்குள் நீர் இருக்கக் கூடாது. சிமெண்ட் கூழில் அங்கேதான் சிக்கல். நீரை வெளியே இழுத்தாலே அதன் நானோமீட்டர் துளைகள் சுருங்கி உருமாறிவிடும். அளக்கப் போன கட்டமைப்பு அளப்பதற்குள் வேறொன்றாகியிருக்கும். அந்த நீரை உள்ளேயே விட்டு, அதையே சாட்சியாக வைத்துத் துளையை அளக்கும் முறையைக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஆய்வகத்தில் ஓர் ஓரமாகக் கிடந்த மேசைக் காந்தம் கைக்கு வந்ததும் ஆரம்பித்துவிட்டேன்.

அடிப்படை இதுதான். நீரில் உள்ள ஹைட்ரஜன் கருக்களைக் காந்தப் புலத்தில் வைத்து ரேடியோ துடிப்பால் சாய்த்தால், அவை ஒரு சிக்னலை எழுப்பும். இதற்கு அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு (என்.எம்.ஆர்.) என்று பெயர். அந்தச் சிக்னல் அடங்க எடுக்கும் காலமே டி2. பாத்திரத்தில் இருக்கும் சாதாரண நீருக்கு அது இரண்டு மூன்று விநாடி. நுண்துளைக்குள் அடைபட்ட நீருக்கு மில்லி விநாடிக் கணக்கு, சில சமயம் அதற்கும் கீழே. மூலக்கூறு அலைந்து திரிந்து துளையின் சுவரைத் தொடும்போதெல்லாம் அதன் கருவின் ஒத்திசைவு கொஞ்சம் கெடுகிறது. துளை சிறிதானால் சுவரைத் தொடுவது அதிகம், சிக்னல் சீக்கிரம் அடங்கும்.

1979ல் பிரவுன்ஸ்டைன், டார் இருவரும் இதைக் கணக்காக்கினார்கள். சுவரால் கூடும் தளர்வு வேகம் என்பது, துளைச் சுவரின் பரப்பைத் துளையின் கன அளவால் வகுத்து, சுவரின் 'மேற்பரப்புத் தளர்வுத் திறன்' என்ற மாறிலியால் பெருக்கினால் வருவது. அந்த மாறிலியை ரோ என்பார்கள். இந்த முறையின் பலம், பலவீனம் இரண்டுமே அந்த ரோவில்தான் இருக்கின்றன. இந்தப் பதிவு முழுக்க அதைத்தான் சுற்றி வரப்போகிறது.

முதலில் சுருள், துடிப்பை அனுப்புவதும் சிக்னலைப் பிடிப்பதும் இதுதான். காந்தத்தின் புலம் சுமார் 0.47 டெஸ்லா, அதாவது ஹைட்ரஜனுக்கு 20 மெகாஹெர்ட்ஸ். பழைய சுருள் என் சோதனைக் குழாய்க்குப் பொருந்தவில்லை. 12 மில்லிமீட்டர் விட்டம், 15 மில்லிமீட்டர் நீளத்துக்கு 12 சுற்று செப்புக் கம்பி சுற்றினேன். தூண்டல் ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி. 20 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர 63 பிக்கோஃபாரட் வேண்டும். ஒரு நிலையான மின்தேக்கியோடு திருகிச் சரிசெய்யும் சிறிய மின்தேக்கி ஒன்றையும் சேர்த்தால் போதும். சுருளின் அச்சு காந்தப் புலத்துக்குக் குறுக்காக இருக்க வேண்டும், அதை மட்டும் மறக்கக் கூடாது.

சுருளின் தரக் காரணி, அதாவது க்யூ, கூடினால் சிக்னல் கூடும். ஆனால் துடிப்பு முடிந்த பிறகும் சுருள் அதிர்ந்துகொண்டே இருக்கும். க்யூ 50 என்றால் 20 மெகாஹெர்ட்ஸில் அந்த அதிர்வு அடங்கும் மாறிலி 0.8 மைக்ரோ விநாடி. கேட்கச் சின்னதுதான். ஆனால் துடிப்பின் நூற்றுக்கணக்கான வோல்ட்டிலிருந்து சிக்னலின் மைக்ரோவோல்ட் மட்டத்துக்கு இறங்க அப்படி இருபது மாறிலிகளாவது ஓட வேண்டும், அதாவது சுமார் 16 மைக்ரோ விநாடி. அதுவரை வாங்கியை, அதாவது சிக்னலைக் கேட்கும் மின்சுற்றை, மூடித்தான் வைத்திருக்க வேண்டும். சிமெண்டில் டி2 மிகச் சிறியது என்பதால் ஒரு மின்தடையை இணையாகப் போட்டு க்யூவைக் குறைத்தேன். சிக்னல் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை, சீக்கிரமாகக் கேட்க ஆரம்பிப்பது அதைவிட முக்கியம்.

இன்னொன்று, கம்பியின் எனாமல், சுருளை ஒட்டிய எபாக்சி, குழாயின் பிளாஸ்டிக் மூடி எல்லாவற்றிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. அவையும் சிக்னல் தரும், அதுவும் மிகக் குறுகிய டி2ஓடு, சரியாக நான் தேடும் இடத்தில். எனவே மூடிக்கு ஹைட்ரஜனே இல்லாத டெஃப்லான். வெற்றுக் குழாயை வைத்து அதே அமைப்பில் ஓர் அளவீடு எடுத்து எல்லாவற்றிலிருந்தும் கழித்துவிடுகிறேன்.

காந்தத்தின் வெப்பநிலையைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அனுபவத்தில் அதிக நேரம் தின்றது இதுதான். நியோடிமியம் காந்தத்தின் புலம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் சுமார் 0.1 சதவீதம் குறையும். 20 மெகாஹெர்ட்ஸில் அது 20 கிலோஹெர்ட்ஸ் நகர்வு. அறைக் கதவு திறந்து மூடினாலே அதிர்வெண் நகர்வதைத் திரையில் பார்க்கலாம். காந்தத்தைத் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, உள்ளே சிறிய சூடாக்கியும் வெப்பநிலைக் கட்டுப்படுத்தியும் போட்டு 30 டிகிரியில் நிறுத்தினேன். இரும்புக் கட்டை சூடேறி நிலைக்கு வர ஓர் இரவு வேண்டும், அவசரப்படுத்தினால் பலனில்லை. மாதிரியையும் உள்ளே வைத்த உடனே அளக்காமல் அரைமணி நேரம் விடுகிறேன். டி2 வெப்பநிலையோடு மாறும், நீரின் பரவல் வேகமும் மாறும்.

அப்புறம் துடிப்பு வரிசை. 1950ல் ஹான் ஸ்பின் எக்கோவைக் காட்டினார், அதாவது கலைந்துபோன சிக்னலை இன்னொரு துடிப்பால் மறுபடி ஒன்றுசேர்த்து எழுப்புவதை. 1954ல் கார், பர்செல் இருவரும் எக்கோக்களை வரிசையாக எழுப்பினார்கள். 1958ல் மெய்பூம், கில் இருவரும் திருப்பும் துடிப்புகளின் கட்டத்தை 90 டிகிரி மாற்றிவைத்தார்கள். அந்த ஒரு மாற்றத்தால், துடிப்பின் நீளத்தில் இருக்கும் சின்னச் சின்னப் பிழைகள் எக்கோவுக்கு எக்கோ குவியாமல் போயின. ஹானுக்குப் பின் வந்த இந்த நால்வரின் முதலெழுத்தையும் சேர்த்து சி.பி.எம்.ஜி. என்று அழைக்கப்படும் இந்த வரிசைதான் இன்றும் இந்த வேலையின் முதுகெலும்பு. துடிப்பு நீளத்தைச் சரிபார்க்கக் காப்பர் சல்பேட் கலந்த நீர் வசதி. செப்பு அயனி டி1ஐ, அதாவது சாய்த்த கருக்கள் பழைய நிலைக்குத் திரும்பும் காலத்தை, குறைப்பதால் ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து விநாடி காத்திருக்க வேண்டியதில்லை.

தரவை எடுக்கும்போது கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி. வாங்கியிலிருந்து மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி என்று இரண்டு வரும். இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி மூலம் எடுத்து, சிக்னலின் அளவை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். கூடாது. அப்படிச் செய்தால் இரைச்சல் எப்போதும் நேர்மறையாகிவிடும். வால் பூஜ்யத்துக்கு இறங்காமல் ஒரு மேடாக நிற்கும். பகுப்பாய்வு அந்த மேட்டை மிக நீண்ட டி2 என்று வாசித்து, இல்லாத பெரிய துளை ஒன்றைக் காட்டிவிடும். கட்டத்தைச் சுழற்றி சிக்னல் முழுவதையும் மெய்ப்பகுதிக்குக் கொண்டுவந்து, அதை மட்டும் பயன்படுத்த வேண்டும். கற்பனைப் பகுதியில் மிஞ்சுவது வெறும் இரைச்சல். அதன் அளவே பின்னால் கணக்குக்கும் உதவும்.

சிமெண்டுக்குப் போவதற்கு முன் விடை தெரிந்த ஒன்றை அளக்க வேண்டும். அதற்குக் கண்ணாடி மணிகளைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. சல்லடையில் பிரித்த 50, 100, 200 மைக்ரோமீட்டர் மணிகளை எடுத்துக்கொண்டேன். மணிகளின் நிறையை 2.5 என்ற கண்ணாடி அடர்த்தியால் வகுத்து, குழாயில் அவை அடைத்த கன அளவோடு ஒப்பிட்டால் துளைப் பங்கு கிடைக்கும். தட்டித் தட்டி அடைத்ததில் மூன்றுக்கும் 38 சதவீதத்தை ஒட்டி வந்தது. நீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தேன். கரைந்த ஆக்சிஜனும் காந்தத் தன்மை உள்ளது, அது தன் பங்குக்கு டி2ஐக் குறைக்கும். மணிகளின் மேல் நீரை ஊற்றிய பின் வெற்றிடக் கலத்தில் வைத்தால் இடுக்கிலிருந்து குமிழ்கள் மேலே வந்துகொண்டே இருக்கும். அவை நிற்கும்வரை பொறுமையாக இருக்க வேண்டும். ஒரு குமிழ் தங்கினாலும் அந்த இடத்தில் நீர் குறையும், அதைச் சுற்றிப் புலமும் கோணலாகும்.

எக்கோ இடைவெளி 0.4 மில்லி விநாடி, 16,000 எக்கோக்கள், மொத்தம் 6.4 விநாடி. மணி இல்லாத அதே நீருக்கு டி2 இரண்டு விநாடிக்குச் சற்று மேலே வந்தது. 200 மைக்ரோமீட்டர் மணிகளில் ஒரு விநாடியை ஒட்டி, 100இல் 0.7, 50இல் 0.4. உருண்டை மணிகளுக்குப் பரப்பு–கன அளவு விகிதத்தைக் கையாலேயே கணக்கிடலாம். 38 சதவீதத் துளைப் பங்குக்கு அது 9.8ஐ மணியின் விட்டத்தால் வகுத்த எண். தளர்வு வேகத்தை அந்த விகிதத்துக்கு எதிராகப் புள்ளிவைத்தால் நேர்கோடு. கோட்டின் சரிவுதான் ரோ, விநாடிக்குச் சுமார் 10 மைக்ரோமீட்டர். கோடு அச்சை வெட்டும் இடம், தனி நீரின் தளர்வு வேகத்தோடு ஒத்துப்போனது. சரிவைவிட இந்த வெட்டும் இடம்தான் எனக்கு நம்பிக்கை தந்தது. அது தனியாக அளந்த எண், கோட்டுக்கு அதைப் பற்றித் தெரியாது.

இந்தக் கணக்கு செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு. மூலக்கூறு அடங்குவதற்கு முன் துளை முழுவதும் அலைந்து முடித்திருக்க வேண்டும். ரோவைத் துளையின் அளவால் பெருக்கி, நீரின் பரவல் மாறிலியால் வகுத்தால் வரும் எண் ஒன்றைவிட நன்றாகச் சிறியதாக இருக்க வேண்டும். 30 டிகிரியில் நீரின் பரவல் விநாடிக்குச் சுமார் 2600 சதுர மைக்ரோமீட்டர். 200 மைக்ரோமீட்டர் மணிகளுக்கு நடுவே கன அளவு–பரப்பு விகிதம் 20 மைக்ரோமீட்டர். 10ஐ 20ஆல் பெருக்கி 2600ஆல் வகுத்தால் 0.08. பிரச்சினை இல்லை.

சரி, சுவரைத் தவிர வேறெதுவும் டி2ஐக் குறைக்கவில்லை என்று எப்படித் தெரியும்? கண்ணாடியும் நீரும் காந்தப் புலத்துக்கு வெவ்வேறு விதமாக இசைவதால், மணிகளின் இடுக்கில் புலம் சீராக இருக்காது. புலத்தின் அந்தச் சரிவின் ஊடே நீர் நகர்ந்தால் எக்கோ முழுதாகத் திரும்பாது. இதைப் பிடிக்க எளிய வழி, எக்கோ இடைவெளியை மாற்றிப் பார்ப்பது. இந்த இழப்பு இடைவெளியின் வர்க்கத்தோடு ஏறும். மீட்டருக்கு 0.1 டெஸ்லா சரிவு என்று வைத்துக்கொண்டால், 0.4 மில்லி விநாடி இடைவெளியில் கூடும் தளர்வு வேகம் விநாடிக்கு 0.025தான். அதுவே 2 மில்லி விநாடியில் 0.6 ஆகும். 100 மைக்ரோமீட்டர் மணிகளின் மொத்த வேகமே 1.4 என்னும்போது அது சின்ன எண் அல்ல. இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போய், டி2 மாறாமல் நிற்கும் இடத்துக்குக் கீழேதான் வேலை செய்கிறேன். இரும்புக் கறை உள்ள மணலை அளப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். எண்ணெய்க் கிணற்றுப் பாறைகளில், மணற்கல்லில் 33 மில்லி விநாடிக்குக் கீழே அடங்கும் நீர் துளையிலேயே தங்கிவிடும், மேலே உள்ளது ஓடும் என்று ஒரு பழகிய எல்லை உண்டு. சுண்ணாம்புப் பாறைக்கு 92 என்பார்கள். இரண்டுக்கும் எல்லை வேறாக இருப்பதிலேயே தெரிகிறது, டி2 நேராகத் துளையின் அளவைச் சொல்வதில்லை, சுவரின் குணமும் அதில் கலந்திருக்கிறது.

பல அளவுத் துளைகள் இருந்தால் சிக்னல் பல டி2களின் கூட்டு. அதைப் பிரித்தெடுப்பது தலைகீழ் லாப்லாஸ் கணக்கு. பைதானில், 0.1 மில்லி விநாடி முதல் 10 விநாடி வரை லாக் அளவில் நூறு டி2களை வைத்து, எந்தப் பங்கும் எதிர்மறையாகக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு, மென்மையாக்கும் ஓர் எடையையும் சேர்த்துத் தீர்க்கிறேன். இந்தக் கணக்கின் குணம் மோசமானது. இரைச்சலில் ஒரு துளி மாற்றம் விடையில் பெரிய மாற்றமாக வந்து நிற்கும். மென்மை குறைந்தால் ஒரு அகலமான மேடு மணி மாலைபோல் தனித்தனி உச்சிகளாக உடையும். மென்மை கூடினால் ஒரே டி2 உள்ள தூய நீர்கூட அகன்ற மேடாகத் தெரியும். ஆகவே ஒவ்வொரு அளவீட்டோடும் ஒரு போலித் தரவையும் ஓட்டுகிறேன். ஒரே ஒரு டி2, அதே இரைச்சல், அதே எடை. அதில் வரும் அகலத்துக்கும் என் மாதிரியின் அகலத்துக்கும் வித்தியாசம் இல்லை என்றால், துளைகள் பல அளவில் பரவியிருக்கின்றன என்று வாய் திறக்க எனக்கு உரிமை இல்லை.

மணிகளோடு செய்ததில் மனதுக்கு மிகவும் பிடித்தது இது. 50, 200 இரண்டையும் ஒரே குழாயில் அடுக்கடுக்காகப் போட்டேன், கீழே ஒன்று, மேலே ஒன்று. சில அளவீடுகளின் சராசரியில் ஒரு மொத்த மேடுதான் தெரிந்தது. சராசரியைக் கூட்டிக்கொண்டே போனதும் மேடு இரண்டாகப் பிரிந்து, 0.4இலும் ஒரு விநாடியிலும் போய் நின்றது. அதே குழாயை எடுத்து, மணிகளைக் கலக்கி, மறுபடி குமிழ் நீக்கி வைத்தேன். மணிகள் அதேதான், ஒன்று கூடவில்லை, குறையவில்லை. உச்சி ஒன்றே ஒன்று, அரை விநாடியை ஒட்டி. பெரிய மணிகளின் இடைவெளிக்குள் சிறியவை புகுந்தபின் அங்கே இரண்டு வகைத் துளைகள் இல்லை. துளைப் பங்கு 33 சதவீதமாக இறங்கியதை வைத்துக் கணக்கிட்டாலும் அரை விநாடிதான் வருகிறது. சல்லடை மணியைப் பார்க்கிறது, டி2 மணிகளுக்கு நடுவில் இருப்பதைப் பார்க்கிறது. இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

இனி சிமெண்ட். வெள்ளைச் சிமெண்டைத்தான் எடுக்க வேண்டும். சாம்பல் நிறச் சிமெண்டில் இரும்பு அதிகம், அது தளர்வைத் தன் இஷ்டத்துக்கு இழுத்துவிடும். சிமெண்ட் 1 பங்குக்கு நீர் 0.4 பங்கு, நிறையில். கலக்கி, குழாயில் ஊற்றி, தட்டிக் குமிழ் போக்கி, டெஃப்லான் மூடியால் இறுக்கி, நிறை பார்த்துக் குறித்துவைத்தேன். எக்கோ இடைவெளியை 60 மைக்ரோ விநாடிக்கு இறக்கினேன். சுருளின் க்யூவைக் குறைத்த வேலைக்குப் பலன் இங்கேதான் கிடைத்தது.

புதுக் கூழில் பத்து மில்லி விநாடியை ஒட்டி ஒரே உச்சி. சிமெண்ட் துகள்களுக்கு நடுவே இருக்கும் நீர் அது. மேலே தெளிந்து நிற்கும் நீர் இருந்தால் அதற்குத் தனியாக, வலப்பக்கம் தள்ளி ஒரு சின்ன உச்சி வரும். முதல் சில மணி நேரம் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு உச்சி இடப்பக்கம் நகரத் தொடங்கும், உயரமும் இறங்கும். ஓர் இரவு முழுக்கத் தானாக அளவீடு ஓடவிட்டுக் காலையில் வரிசையாகப் பார்த்தால், இறுகுவது கண்ணெதிரே நடக்கிறது. நாட்கள் போகப் போக ஒரு மில்லி விநாடிக்குக் கீழே சில நூறு மைக்ரோ விநாடியிலும், அதற்கும் கீழே நூறை ஒட்டியும் பங்குகள் வளர்கின்றன. முந்தையது, சிமெண்ட் நீரோடு வினைபுரிந்து உண்டாகும் ஜெல்லின் துளைகளில் இருக்கும் நீர். பிந்தையது ஜெல்லின் அடுக்குகளுக்கு இடையில், ஓரிரு மூலக்கூறு தடிப்பில் சிக்கியிருக்கும் நீர்.

மொத்தச் சிக்னல் குறைவதையும் பார்க்க வேண்டும். குழாய் மூடியிருக்கிறது, நிறை மாறவில்லை, ஆக ஹைட்ரஜன் எங்கும் போகவில்லை. காணாமல்போன பங்கு கால்சியம் ஹைட்ராக்சைடு போன்ற படிகங்களுக்குள் கெட்டியாகக் கட்டுண்ட ஹைட்ரஜன். அதன் சிக்னல் பத்து மைக்ரோ விநாடி அளவில் அடங்கிவிடுவதால் என் வாங்கி திறப்பதற்கு முன்பே முடிந்துவிடும். ஊற்றிய நீரின் நிறை தெரியும் என்பதால், எவ்வளவு படிகத்துக்குள் போனது என்பது கழித்தலிலேயே வருகிறது. உச்சி எந்த டி2இல் நிற்கிறது என்பதைவிட அதன் கீழ் உள்ள பரப்பைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். பரப்பு ஹைட்ரஜனை எண்ணுகிறது, அதற்கு ரோ வேண்டாம்.

டி2ஐ நானோமீட்டராக மாற்றும் ஆசை வரும்போது கையைக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கண்ணாடியில் கிடைத்த ரோவை அப்படியே எடுத்து 0.4 மில்லி விநாடியோடு பெருக்கினால் கன அளவு–பரப்பு விகிதம் 4 நானோமீட்டர் என்று வரும். பார்த்தால் பொருத்தமான எண்ணாகத்தான் இருக்கிறது. ஜெல் துளைகள் சில நானோமீட்டர் என்று எல்லாரும் சொல்வதும் அதைத்தான். ஆனால் சிமெண்டின் சுவர் கண்ணாடியின் சுவர் அல்ல. அதில் இருக்கும் இரும்பின் அளவு வேறு, நீர் அதோடு ஒட்டியிருக்கும் விதம் வேறு. ரோ இரண்டு மடங்கு மாறினால் துளையும் இரண்டு மடங்கு மாறும். எண் எதிர்பார்த்தபடி இருப்பதால் மட்டும் அது அளவீடு ஆகிவிடாது.

அதனால் சிமெண்டுக்கு அதன் சொந்த ரோ வேண்டும், அதற்குத் துளையின் அளவு வேறு வழியில் தெரிய வேண்டும். ஈர அளவீடுகள் எல்லாம் முடிந்த ஒரு மாதிரியைத் துண்டாக்கி, நிறைவுற்ற சமையல் உப்புக் கரைசலுக்கு மேலே மூடிய ஜாடியில் வைத்திருக்கிறேன். அந்தக் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். கெல்வின் சமன்பாட்டின்படி சுமார் 3.7 நானோமீட்டர் ஆரத்துக்கு மேற்பட்ட துளைகள் காலியாக வேண்டும், சிறியவை நிரம்பியே இருக்கும். சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தின் தடிப்பையும் அதோடு கூட்ட வேண்டும். எந்த டி2க்கு மேலே உச்சியின் கீழ் உள்ள பரப்பு மறைகிறதோ, அந்த எல்லை அந்த அளவுக்கு உரியது. உலர்த்துவது கட்டமைப்பை மாற்றும் என்று முதலிலேயே சொன்னேன், அதனால்தான் இதைக் கடைசிக்கு வைத்தேன், ஒரே ஒரு படியோடு நிறுத்துகிறேன். துண்டின் நிறை இன்னும் மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கிறது. அது நின்ற பிறகுதான் காந்தத்துக்குள் போகும்.